ஐந்து ஜாப் கார்டு, ஒரு கியர்பாக்ஸ்: டீலர் வாரன்டியில் எனக்கு நடந்தது

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். ஏறி உட்கார்ந்ததும் கைத்தடியைக் கதவுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் சாய்த்து வைத்துக்கொள்வார். வண்டி எடுத்து ஏழாவது மாதம், 8,400 கிலோமீட்டர் தாண்டிய சமயத்தில், அந்தத் தடி சத்தம் போட ஆரம்பித்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் நேரத்தில், தடியின் முனை பிளாஸ்டிக்கில் பட்டு ‘டடடட’ என்று அடிக்கும். ரெண்டு வினாடிதான். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அவர் விரல்கள் இறுகுவதைப் பார்த்த அன்றுதான் இதை இனி தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

அவருக்காகத்தான் ஆட்டோமேட்டிக்கே வாங்கினேன். பழைய வண்டியில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அவர் முகம் சுருங்கும். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் எடுத்தபோது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது. அதே வண்டி ஏழே மாதத்தில் அவரை உலுக்கிப் போட்டால் எப்படி இருக்கும்?

இது அந்த வண்டியை வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரைப் பற்றிய விமர்சனம். கார் கம்பெனியின் பெயரையோ டீலரின் பெயரையோ எழுதவில்லை. எனக்குக் கடைசியில் உதவிய மனிதர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், அவருக்கு என்னால் ஒரு தொந்தரவும் வரக் கூடாது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. முதல் மூன்று முறைக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். நான்காவது முறை நடந்த வேலைக்கு முழு மார்க் போட்டாலும் தகும்.

வண்டியில் இருப்பது ஏழு கியர் டூயல் கிளட்ச் (சுருக்கமாக டிசிடி), அதிலும் ‘டிரை’ வகை. கிளட்ச் என்பது இன்ஜினையும் கியரையும் சேர்த்துப் பிரிக்கும் பாகம், இதில் அது இரண்டு உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மறு கை அடுத்த பிடிக்கு மேலே போய்விடும், கயிறு நிற்பதே இல்லை. டூயல் கிளட்ச்சும் அப்படித்தான். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொன்று 2, 4, 6 கியர்களை. இரண்டாவது கியர் முன்கூட்டியே தயாராகக் கோத்து நிற்பதால் ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, மாற்றம் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். டிரை என்றால் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்காமல் காற்றில் சுழல்பவை. எண்ணெயைக் கலக்கிச் சுற்ற வேண்டிய இழப்பு இல்லாததால் மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் வெப்பத்தை எடுத்துப்போக எண்ணெயும் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டிருக்கும், சூடு ஏறும். இதெல்லாம் வாங்கும்போது எனக்குத் தெரியாது. ஐந்து முறை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றபோது கற்றுக்கொண்டது.

முதல் தடவை போனபோது ஓடோமீட்டர் 8,650. ரிசப்ஷனில் இருந்த சர்வீஸ் அட்வைசர் மரியாதையான பையன். “என்ன மேடம் கம்ப்ளெயின்ட்?” என்றார். மெதுவாகப் போகும்போது வண்டி உதறுகிறது, ரிவர்ஸ் போட்டாலும் உடனே பிடிக்காமல் ஒரு கணம் கழித்துத் தூக்கிப்போடுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே கேட்டார். புகாரையும் கிலோமீட்டரையும் பதிந்துவைக்கும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். மாலையில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு மேடம், இனிமே ப்ராப்ளம் வராது.”

உண்மையிலேயே மூன்று வாரம் வரவில்லை. அதனால்தான் நான் ஏமாந்தேன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஓட ஓடக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அப்டேட் போடும்போது பழைய நினைவை அழித்து முதலிலிருந்து கற்க வைப்பார்கள். புதிதாக அளந்தவுடன் கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருக்கும். தட்டிலேயே கோளாறு இருந்தால் அந்த அளவு மறுபடி கலைந்துவிடும், உதறல் திரும்பி வரும். ரீசெட் செய்து சில நாள் நன்றாக ஓடி மறுபடி உதறினால், கோளாறு சாஃப்ட்வேரில் மட்டும் இல்லை என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தடவை 9,300-இல். இந்த முறை கிடைத்த பதில், “இது இந்த வண்டியோட கேரக்டர் மேடம். டிசிடி-ன்னா எல்லாமே இப்படித்தான்.” ஷோரூமில் நின்ற அதே மாடல் டெமோ வண்டியை எடுத்து ஓட்டிக்காட்டச் சொன்னேன். ஓட்டினார்கள். உதறவில்லை. “அது புது வண்டி மேடம்” என்றார்கள். என் வண்டியும் புது வண்டிதானே, ஒரு வருடம்கூட ஆகவில்லையே என்றேன். அப்புறம்தான் இன்னொரு சீனியர் அட்வைசர் வந்து அந்த வார்த்தையைச் சொன்னார்: “உங்க டிரைவிங் ஸ்டைல்தான் காரணம். பிரேக்ல அரைக்கால் வச்சு ஓட்டுறீங்க.”

இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருப்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. டிரை கிளட்ச் வண்டியில் முன்னால் போகிற வண்டியை ஒட்டி ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்துவது கெடுதல்தான். கொஞ்சம் இடைவெளி விட்டு நின்று, பிரேக்கை முழுசாக விட்டு, வண்டியை ஒரு நகர்வாக எடுத்துப் போவதுதான் கிளட்ச்சுக்கு நல்லது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. இதையெல்லாம் அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். மூன்று வாரம் அவர்கள் சொன்னபடி ஓட்டினேன். தடி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

‘டிரைவிங் ஸ்டைல்’ என்ற அந்த வார்த்தை மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் கோர்ட், ஃபோர்டு நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டிருக்கிறது. ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிப் புகார் கொடுத்த வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக. உதறல் கியர்பாக்ஸின் தரக் குறைபாட்டால் வருவது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும், ‘உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்’ என்று பலரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் வண்டி அந்தக் கம்பெனியுடையது இல்லை, என் கோளாறும் வேறு. ஆனால் அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. உலகத்தின் இன்னொரு மூலையில் எத்தனையோ பேர் இதே பதிலைக் கேட்டுவிட்டுத் தங்களையே சந்தேகப்பட்டபடி வீடு திரும்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது தடவை வண்டியை விட்டுவிட்டே வரச் சொன்னார்கள். ஆறு நாள். அப்பாவை டாக்ஸியில் ஏற்றி இறக்கி, இரண்டு நாள் பிசியோதெரபியே தவறிப்போனது. ஏழாம் நாள் காலை, “முழுக்க செக் பண்ணியாச்சு மேடம். ஸ்கேனர்ல எந்த எரர் கோடும் இல்ல. ரோட் டெஸ்ட் பண்ணோம், நல்லாத்தான் இருக்கு” என்று சாவியை நீட்டினார்கள்.

எனக்கு வேலை கணக்குப் பார்ப்பது. ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் கண் தானாக எண்களுக்குப் போய்விடும். ஜாப் கார்டில் வண்டி உள்ளே வந்தபோது கிலோமீட்டர் 9,912. வெளியே போகும்போது 9,914. ஆறு நாளில் இரண்டு கிலோமீட்டர். பார்க்கிங்கிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலை நடக்கும் இடத்துக்கும், அங்கிருந்து வண்டி கழுவும் இடத்துக்கும், மறுபடி வாசலுக்கும் நகர்த்தினாலே அதில் பாதி போய்விடும். என் வண்டியில் உதறல் வருவது நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகுதான். குளிர்ந்த வண்டியை வளாகத்துக்குள் ஒரு சுற்று சுற்றினால் எப்படி வரும்?

அந்தக் கவுன்டரிலேயே நின்று பழைய இரண்டு ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். முதலாவதில் புகார் என்ற இடத்தில் ‘ஜெனரல் செக்கப், கியர் நாய்ஸ்’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘பிக்கப் குறைவு’. நான் சத்தம் என்றோ பிக்கப் என்றோ ஒரு முறைகூடச் சொல்லவில்லை. உதறல் என்ற சொல் மூன்று காகிதத்திலும் இல்லை. ரிவர்ஸ் என்ற சொல் இல்லவே இல்லை. வாரன்டியைப் பொறுத்தவரை, காகிதத்தில் இல்லாத புகார் நான் கொடுக்காத புகார்தான். நாளைக்கே வாரன்டி முடிந்த பிறகு ‘இது பழைய பிரச்சினை’ என்று நான் சொன்னால் காட்டுவதற்கு என் கையில் என்ன இருக்கிறது? ஒரு செக்கப், ஒரு சத்தம், ஒரு பிக்கப். மூன்றும் வெவ்வேறு வண்டியின் கதை மாதிரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. ஆனால் சொன்னதை அப்படியே எழுதுவது அவர்கள் வேலை.

அன்று இரவே இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில். கோபத்தைக் காட்டாமல் தேதி, கிலோமீட்டர், ஜாப் கார்டு எண், நான் சொன்னது, அவர்கள் எழுதியது என்று ஐந்து கட்டம் போட்டு அனுப்பினேன். அந்த 9,912-ஐயும் 9,914-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இன்னொன்று, மறுநாள் என் தங்கையைப் பின் சீட்டில் உட்கார வைத்து நெரிசலில் ஓட்டி வீடியோ எடுக்கச் சொன்னேன். கேமராவில் மீட்டர் தெரிய வேண்டும்: வேகம், ஆர்பிஎம், எந்த கியர், மூன்றும். சத்தமும் பதிய வேண்டும், அதனால் ஏசி ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிட்டோம். பத்து நிமிட வீடியோவில் பதினோரு முறை உதறல். ஒவ்வொரு முறையும் வேகம் 10-க்கும் 15-க்கும் நடுவில், கியர் 1-லிருந்து 2. பின்னாலிருந்து பார்த்தால் உள்கண்ணாடி மங்கலாகிப் பின் தெளிவது தெரிகிறது.

நான்காம் நாள் போன் வந்தது. ஒர்க்‌ஷாப்பின் சீனியர் ஃபோர்மேன் என்னோடு ஓட்டிப் பார்க்க விரும்புகிறாராம். “எந்த நேரத்துல, எந்த ரோட்டுல வருதோ, அங்கேயே போகலாம்மா.”

ஐம்பத்தைந்து வயது இருக்கும். யூனிஃபார்ம் சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச். நான் டிரைவர் சீட்டைக் கொடுக்கப் போனேன். “வேண்டாம்மா, நீங்க ஓட்டுங்க. உங்களுக்கு எப்படி வருதோ அதைத்தான் நான் பாக்கணும்” என்று பக்கத்து சீட்டில் ஏறினார். வீடியோவை முதலில் பார்க்கவில்லை. முதல் அரை மணி நேரம் வெறுமனே போனோம், ஒன்றும் வரவில்லை. எனக்குப் பதற்றம். டாக்டரிடம் போனதும் வலி நின்றுவிடுவது மாதிரி ஆகிவிடுமோ என்று. அவர் அவசரப்படவே இல்லை. உள்ளங்கையைக் கியர் லீவர் பக்கத்தில் கன்சோலின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

சிக்னல் தாண்டி நெரிசல் கூடியது. முதல் உதறல் வந்தது. கண்ணைத் திறக்காமலே “ம்” என்றார். இரண்டாவது. “ம்.” மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். “ஒண்ணுலேர்ந்து ரெண்டு. ரெண்டுலேர்ந்து மூணுக்கு ஒண்ணுமில்ல, கவனிச்சீங்களா?” நான் கவனித்ததில்லை. “ஓரமா நிறுத்தி ரிவர்ஸ் போடுங்கம்மா.” போட்டேன். ஒரு கணம் பிடிக்கவில்லை, அப்புறம் அதே நடுக்கத்தோடு பின்னால் தள்ளியது. அவர் டார்ச்சால் டேஷ்போர்டில் மெல்லத் தட்டினார். “ரெண்டாவது கியரும் ரிவர்ஸும் இந்த கியர்பாக்ஸ்ல ஒரே கிளட்ச்மா. ஒத்தைப்படை கியருக்கு இருக்கிற கிளட்ச் நல்லா இருக்கு. இது உங்க காலும் இல்ல, சாஃப்ட்வேரும் இல்ல.”

அந்த ஒரு வரியைக் கேட்க எனக்கு இரண்டரை மாதம் ஆகியிருந்தது. நான் முதல் நாளே சொன்ன ரிவர்ஸ் விஷயம் ஜாப் கார்டில் ஏறியிருந்தால், இதை ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஊகித்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் ஜாப் கார்டை அவரே பக்கத்தில் நின்று எழுத வைத்தார். ‘25 நிமிட நெரிசல் ஓட்டத்துக்குப் பின், சூடான நிலையில், 1-லிருந்து 2 மாறும்போது 10-15 கி.மீ. வேகத்தில் உதறல். ரிவர்ஸ் பிடிக்கத் தாமதம், பின் ஜெர்க். ஃபோர்மேன் உடன் சென்று உறுதி செய்தார்.’ படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எரர் கோட் ஏன் வரவில்லை என்று கேட்டேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சுழல்கிற வேகங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் கம்ப்யூட்டர் பார்க்கும், அது குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் கோளாறு என்று பதிவு செய்யும், எல்லைக்குள் நடுங்கினால் அதற்கு எல்லாம் சரிதான் என்றார். “உக்காந்திருக்கிறவங்களுக்கு உதறுறது அதுக்கு எப்படிம்மா தெரியும்?”

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது கிளட்ச் செட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டில் (இன்புட் ஷாஃப்ட்), உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் லேசாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உலர்ந்தே இருக்க வேண்டிய தட்டில் எண்ணெய்ப் பசை ஏறி, சூட்டில் வெந்து, ஒரு ஓரம் கண்ணாடி மாதிரி மின்னியது. என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, மறு பக்கம் வழவழப்பு. ஒரே தட்டில் இரண்டு தன்மை. சொரசொரப்பான இடம் பிடிக்கும், வழவழப்பு வழுக்கும், மறுபடி பிடிக்கும். அப்பாவின் தடி அடித்தது இந்தக் கணக்கில்தான்.

பிரச்சினை இத்துடன் முடியவில்லை. மறுநாள் அட்வைசரிடமிருந்து போன்: “மேடம், கிளட்ச் தேய்மானப் பொருள். வாரன்டியில வராது. சீல் மட்டும் ஃப்ரீ.” இதை எதிர்பார்த்து வாரன்டி புத்தகத்தை இரவே படித்து வைத்திருந்தேன். கிளட்ச் தட்டு தானாகத் தேய்ந்தால் அது தேய்மானம், சரி. வாரன்டியில் உள்ள ஒரு பாகம் பழுதாகி அதனால் இன்னொரு பாகம் கெட்டால்? என் புத்தகத்தில் பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் வரும் சேதம் சேரும் என்றுதான் இருந்தது. போனில் வாதாடவில்லை. “கிளட்ச் கெட்டதற்குக் காரணம் தேய்மானமா, சீல் கசிவா என்பதை உங்கள் டெக்னிக்கல் டீம் எழுத்தில் தர வேண்டும்” என்று ஒரே வரி மெயில் போட்டேன். ஃபோர்மேன் எடுத்த போட்டோக்களையும் இணைத்தேன். இரண்டு நாளில் கிளட்ச் செட், சீல், கூலி எல்லாம் வாரன்டியில் என்று பதில் வந்தது.

பார்ட்ஸ் வரப் பத்தொன்பது நாள். வேலை மூன்று நாள். மாற்று வண்டி தர முடியாது என்றார்கள். அப்பாவின் சிகிச்சை அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பியதும் ஐந்தாம் நாள் ஒன்று கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

வண்டி திரும்பி வந்தபோது உதறல் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் சிக்னலில் ‘டி’ (டிரைவ்) கியரில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு ரீங்காரம், முன்பு இல்லாதது. 10,900-இல் ஐந்தாவது தடவை போனேன். இந்த முறை நேராக ஃபோர்மேனைக் கேட்டேன். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதை வண்டியோடு பிணைக்கும் மவுன்ட்டிங் போல்ட்டுகள் ஒரு பக்கமாக இழுத்து முறுகிய நிலையில் இறுகியிருந்தனவாம். தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக அதன் இடத்தில் உட்கார வைத்து, மறுபடி முறைப்படி இறுக்கினார்கள். ஒரு மணி நேரம். ரீங்காரம் போய்விட்டது.

ஐந்து தடவையும் சேர்த்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது 31 நாள். இந்த எண்ணை நான் குறித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. குறையுள்ள வண்டியிலிருந்து வாங்கியவரைக் காப்பாற்றும் ‘லெமன் லா’ என்ற சட்டங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. கார்களுக்கென்று முதலில் வந்தது 1982-இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை முயன்றும் சரியாகாவிட்டாலோ, ரிப்பேருக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி நின்றாலோ, சரிசெய்யக் கம்பெனிக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டே முறை போதும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. இடத்துக்கு இடம் சட்டம் மாறும். ஆனால் எங்கே போனாலும் கேட்கப்போவது இரண்டு எண்: எத்தனை முறை, எத்தனை நாள். அந்த இரண்டையும் சொல்வது ஜாப் கார்டுதான். டீலர் ‘சும்மா ஒரு லுக் பார்க்கிறோம் மேடம், கார்டு எதுக்கு’ என்றால் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை எனக்கும் அப்படிச் சொன்னார்கள், நல்லவேளையாகக் கார்டு போடச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

மாற்றிய கிளட்ச் செட்டுக்கு எவ்வளவு காலம் வாரன்டி என்பதையும் எழுதி வாங்குங்கள். புதுப் பாகத்துக்குத் தனியாகவா, இல்லை வண்டியின் வாரன்டியில் மிச்சமிருக்கும் காலம் மட்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எனக்கு வாயால் சொன்னது ஒன்று, மெயிலில் வந்தது இன்னொன்று. நான் மெயிலை வைத்திருக்கிறேன்.

சர்வீஸ் சென்டரைப் பற்றி மிச்சம்: வெயிட்டிங் ஹால் சுத்தம், ஏசி உண்டு, வண்டியைக் கழுவித் தருவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாதாரண சர்வீஸுக்கு, ஆயில் மாற்ற, ஃபில்டர் மாற்ற, தாராளமாகப் போகலாம். நேரத்துக்கு முடித்துக் கொடுக்கிறார்கள். இன்னதென்று சட்டென்று பிடிபடாத கோளாறு என்றால்தான் அங்கே தடுமாற்றம். அட்வைசர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் அவர்களில் யாரும் கியர்பாக்ஸ் இறக்கியவர்கள் இல்லை. வாடிக்கையாளர் சொல்வதை மெக்கானிக்குக்குப் புரியும்படி எழுதும் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை. கவுன்டருக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே இருபதடி கண்ணாடிச் சுவர். என் புகார் அந்த இருபதடியைத் தாண்ட மூன்று முறை தோற்றது. நிர்வாகம் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இரண்டாவது முறை அதே புகாரோடு ஒருவர் வந்தால், ஜாப் கார்டு போடும் முன் அவரோடு ஒரு மெக்கானிக்கை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஒரு மணி நேர வேலை.

இப்போது ஓடோமீட்டர் 18,200. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாயிற்று, உதறல் இல்லை, ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிக்கிறது. சர்வீஸுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அடியில் சீல் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன், உலர்ந்தே இருக்கிறது. போன வாரம் பிசியோதெரபி முடிந்து நல்ல நெரிசலில் மாட்டிக்கொண்டோம், முக்கால் மணி நேரம். பழைய பழக்கத்தில் என் காது அந்தத் தடியின் பக்கமே இருந்தது. அது கதவோரம் சாய்ந்தபடி அசையாமல் நின்றது. திரும்பிப் பார்த்தால் அப்பா கைப்பிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன, தூங்கிவிட்டிருந்தார்.